உப்புக்காற்றுக்கு ஏற்ற பெட்டி

தூத்துக்குடியின் பழைய இரும்புக் கடைகளில், நசுங்கிய சைக்கிள் மட்கார்டுக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே, சந்தன நிறக் கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றிரண்டு இன்னமும் கிடக்கும். வெயிலில் பழுத்துப்போன பிளாஸ்டிக் முகப்பு, அதில் ஃபிளாப்பிக்கான ஒற்றை வாய், கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்த இடத்தில் வெளிறிய சதுரம். அப்படி ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தால், துரு எங்கும் ஒரே மாதிரி பிடித்திருக்காது. அகலமான பக்கத் தகடுகள் பெயிண்ட் மங்கியதைத் தவிர அநேகமாக நன்றாகவே இருக்கும். மின்சாரம் மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். காற்றைத் தள்ளிய ஓட்டைகளில், வெட்டுப்பட்ட விளிம்பு தோறும், செம்பழுப்பு வளையம் ஓடியிருக்கும். ஸ்க்ரூத் தலைகள் பொரிந்திருக்கும். முன்முகப்பைக் கழற்றினால், அடியில் விட்டிருந்த நாலைந்து கீற்றுகளுக்குப் பின்னால் தூசி விரற்கடை கனத்துக்கு அடைத்துக்கொண்டிருக்கும். அந்தத் தூசியைத் தொட்டால் உதிராது, பிசுபிசுக்கும். அதில் உப்பும் கலந்திருக்கும். கடலோர ஊரில் ஒரு கம்ப்யூட்டர் எப்படி மூச்சுவிட்டது, எங்கே அடைபட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. புதிதாகக் கேபினெட் வாங்கப் போகிறவர்கள் ஷோரூம் கண்ணாடிக்கு முன்னால் நிற்பதற்கு முன், இந்தப் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பது நல்லது.

அந்தப் பெட்டிகள் புதிதாக வந்திறங்கிய காலத்தில் இந்த ஊர் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த மரியாதையே தனி. பீச் ரோட்டுக் கப்பல் ஏஜென்சிகளிலும், கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகங்களிலும், கிட்டங்கிகளை ஒட்டிய கணக்குப்பிள்ளை அறைகளிலும் அது ஒற்றை இயந்திரமாகத்தான் வந்து சேர்ந்தது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் வளர வளர, டைப்ரைட்டரும் கார்பன் தாளும் ஈடுகொடுக்க முடியாத அளவுக்குக் காகிதமும் வளர்ந்திருந்தது. பல அலுவலகங்களில் முதல் ஏ.சி. முதலாளியின் அறைக்கு வரவில்லை, கம்ப்யூட்டர் அறைக்கு வந்தது. கண்ணாடிக் கதவு, வாசலில் வரிசையாகச் செருப்பு, ஜன்னலுக்குக் கனத்த திரை. வேலை முடிந்ததும் மானிட்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று எனப் பிளாஸ்டிக் உறைகள். பின்னால் வீடுகளுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் அது பரவியபோது, பெட்டியை வைக்கவென்றே கதவு போட்ட கீழறையோடு கம்ப்யூட்டர் டேபிள்கள் வந்தன. அதற்குள் நுழைத்துக் கதவையும் சாத்திவிட்டால்தான் பலருக்கும் மனம் அமைதியாகும். இதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று சிரிப்பது எளிது. ஆனால் சைக்கிள் ரிம்முக்கு எண்ணெய் தடவியும் தையல் மிஷினை மரப்பெட்டிக்குள் பூட்டியும் பழகிய ஊர் இது. கடலுக்குப் பக்கத்தில் இரும்பை வைத்துக்கொண்டவர்கள் அதை மூடித்தான் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் நியாயம் இருந்தது.

சும்மா இருக்கும் இரும்புக்குத்தான் அந்த நியாயம் பொருந்தும் என்பதுதான் சிக்கல். கம்ப்யூட்டர் ஓடும்போது அடுப்பு. தொடக்கத்தில் அது சின்ன அடுப்பாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. 386 காலத்துச் சிப்புக்கு மேலே ஓர் அலுமினியத் துண்டுகூட வேண்டியிருக்கவில்லை. முதல் பென்டியம் 15 வாட் அளவில் நின்றது. 2004இல் பென்டியம் 4 வரிசையில் வந்த பிரஸ்காட்டின் வேகமான மாடல்கள் 100 வாட்டைத் தாண்டின. பெட்டியின் வடிவமும் டேபிளின் கதவும் மட்டும் பழையபடியே இருந்தன. சித்திரை வைகாசியில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தபோது சர்வீஸுக்கு வந்த பையன்கள் சொன்ன மருந்து ஊருக்கே பாடம்: “அண்ணாச்சி, சைடு டோரைக் கழட்டி வச்சிருங்க. ஒரு டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி விட்டுட்டாப் போதும்.” மருந்து வேலை செய்தது. கூடவே பல்லி உள்ளே போனது, எறும்பு போனது, மேற்கே இருந்து அடிக்கும் காற்றில் உப்பளப் புழுதி நேராக மதர்போர்டு மேலேயே வந்து படிந்தது. கதவைச் சாத்திய டேபிள் ஒரு கோடி, கழற்றிய பக்கத் தகடு மறு கோடி. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. காற்று வருவதற்கென்று அகலமான ஒரு வாசல், போவதற்கென்று ஒரு வாசல், இடையில் குறுக்கே எதுவும் இல்லாத பாதை. சத்தத்தைக் குறைத்தால் சூடு கூடும், சூட்டைக் குறைத்தால் சத்தம் கூடும் என்று கடைகளில் இன்றும் சொல்கிறார்கள். அகலமான பாதை இருந்தால் இரண்டும் ஒருசேரக் குறையும் என்பதே என் வாதம். உப்புக்காற்று அடிக்கிற ஊருக்கு அது இன்னும் பொருந்தும்.

கணக்கைப் பார்க்கலாம். வீடியோ எடிட்டிங்கோ விளையாட்டோ ஓடும் ஒரு கம்ப்யூட்டர் 300 வாட் சூட்டைக் கக்குகிறது என்று வைப்போம். உள்ளே வந்த காற்று வெளியே போகும்போது 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் காற்று அதன் வழியே ஓட வேண்டும். ஒரு குடத்துத் தண்ணீரைவிடக் கொள்ளளவு அதிகம், அதுவும் ஒவ்வொரு நொடிக்கும். பில் அடிக்கிற சாதாரண ஆபீஸ் இயந்திரத்துக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். இவ்வளவு காற்றும் பழைய பெட்டியின் முன்னடியில் விட்ட கீற்றுகள் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. சென்னையில் 24 டிகிரிக்கு ஏ.சி. வைத்த அறையில் அதே கம்ப்யூட்டர் 34 டிகிரிக் காற்றை வெளியேற்றும். தூத்துக்குடியில் ஏ.சி. இல்லாத அறையில் மதியம் 36 டிகிரி என்றால் வெளியேறுவது 46. அந்தக் காற்றைக் கொண்டுதான் சிப்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். குளிர்நாட்டில் எழுதப்படும் விமரிசனங்களில், 21 டிகிரி அறையில் சோதித்துவிட்டு, இந்த மூடிய பெட்டிக்கும் அந்தத் திறந்த பெட்டிக்கும் ஐந்து டிகிரிதான் வித்தியாசம், அதனால் கவலை வேண்டாம் என்று முடித்துவிடுவார்கள். அங்கே அது கவலைப்பட வேண்டாத ஐந்து டிகிரி. இங்கே ஃபேன் கத்துவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் ஐந்து டிகிரி.

ஃபேன் ஏன் கத்துகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு ஃபேனின் சுழற்சியைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்று பாதியாகும், அழுத்தம் நாலில் ஒன்றாகும், தின்னும் மின்சாரம் எட்டில் ஒன்றாகும். சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். பாதிக் காற்று எப்படிப் போதும் என்றால், அதே மாதிரி இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் மாட்டலாம். சம அளவுள்ள இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். ஆக, அதே அளவு காற்று, 12 டெசிபல் குறைவான சத்தத்தில் கிடைக்கிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. மெல்லச் சுற்றும் ஃபேனுக்கு முட்டித் தள்ளும் பலம் இல்லை. முன்னால் தடை இருந்தால் அது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் வழியும் இரு மடங்கு அகலமாக இருந்தால், அதில் காற்றின் வேகம் பாதியாகி, தடையும் நாலில் ஒன்றாகிவிடும். கணக்கு நேராகிறது. ஊரின் பழைய கிட்டங்கிகளில் அகலக் கதவும் எதிர்ச்சுவரில் உயரச் சாளரமும் வைத்துக் கட்டியவர்களுக்கு இந்தச் சூத்திரம் எழுதத் தெரிந்திருக்காது, ஆனால் காற்றைக் கட்டாயப்படுத்தாமல் நடத்தத் தெரிந்திருந்தது. மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்குமான ஏ.டி.எக்ஸ். அமைப்பை 1995இல் இன்டெல் கொண்டுவந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கடைகளில் கிடைத்த பெட்டிகள் 80 மில்லிமீட்டர் ஃபேன்களோடுதான் வந்தன. சின்ன ஃபேன் போதிய காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும், வேகமாகச் சுற்றினால் கீச்சிடும். இன்றைய 120, 140 மில்லிமீட்டர் ஃபேன்கள் அதே வேலையை நிதானமாகச் செய்கின்றன. பெரிய ஃபேன் என்றால் சத்தம் அதிகம் என்று இன்றும் நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேரெதிர்.

இதற்கு ஒரு தரமான மறுப்பு இருக்கிறது. அமைதியான பெட்டி என்றே பெயரெடுத்தவை எல்லாம் மூடிய பெட்டிகள்தானே? 2005இல் வந்த ஆன்டெக் பி180ஐ வடிவமைத்ததில் அமைதியான கம்ப்யூட்டர்கள் பற்றியே எழுதிவந்த மைக் சின்னுக்குப் பங்கு உண்டு. அதன் முகப்பில் கதவு இருந்தது. ஸ்வீடனின் ஃப்ராக்டல் டிசைன் நிறுவனம் டிஃபைன் வரிசையில் கதவுக்கும் தகடுகளுக்கும் உட்புறம் சத்தம் உறிஞ்சும் விரிப்பை ஒட்டி விற்றது. அவை நல்ல பெட்டிகள்தான், தங்கள் காலத்துக்கும் தங்கள் இடத்துக்கும். அந்தக் காலத்தில் அடக்க வேண்டிய சத்தங்களில் முக்கியமானது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 அதிர்வு, மெல்லிய தகரத்தில் அது ரீங்காரமாக ஏறி அறை முழுக்கக் கேட்கும். எஸ்.எஸ்.டி. வந்தபின் அந்த எதிரியே களத்தில் இல்லை. மிஞ்சியிருப்பது காற்றின் சத்தம். அதை அடக்கச் சிறந்த வழி அதை உண்டாக்காமல் இருப்பது. மூடிய பெட்டி முதலில் ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்கிறது, பிறகு அந்தச் சத்தத்தை விரிப்பால் மறைக்கப் பார்க்கிறது. அதே ஃப்ராக்டல் நிறுவனம் 2017இல் மெஷிஃபை என்று முகப்பு முழுக்க வலைபோட்ட பெட்டியையும், 2021இல் முன்பக்கம் 180 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு வைத்த டாரென்டையும் கொண்டுவந்தது. தங்கள் பழைய வாதத்தைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். விரிப்பிலும் இங்கே ஒரு கஷ்டம் உண்டு. பாலியெஸ்டர் வகை ஸ்பாஞ்ச் ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் இருந்தால் சிதைந்து பிசுபிசுவென்று உதிரும். பழைய வாக்மேன் ஹெட்ஃபோனைப் பரணிலிருந்து எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இனி ஊரின் கேள்விக்கு வரலாம். வலைமுகப்பு வைத்து நொடிக்கு 25 லிட்டர் கடல்காற்றை உள்ளே இழுத்தால் பெட்டி எத்தனை நாள் தாங்கும்? சாதாரணக் கேள்வி அல்ல இது. காரைக்குடி சிக்ரி ஆய்வகம், கடல்சார் அரிமானத்தை ஆராய்வதற்கென்றே தூத்துக்குடி துறைமுகப் பகுதியில் ஒரு மையம் வைத்திருக்கிறது என்றால் இங்கே இரும்பின் கதி என்ன என்று ஊகிக்கலாம். ஆனால் உப்பு மட்டும் இருந்தால் இரும்பு துருப்பிடிக்காது, உப்போடு ஈரமும் வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்து கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடிக்குள் நடப்பது அதுதான். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை எண்ணிப் பாருங்கள். அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அதே காற்று உள்ளே போய் 40 டிகிரி ஆனால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உள்ளே படிந்த உப்பு உலர்ந்தே கிடக்கும். ஆபத்து எப்போது என்றால், இயந்திரத்தை அணைத்து, பெட்டி அறையின் வெப்பநிலைக்கே இறங்கி, விடியற்காலை ஈரம் ஏறும்போது. வாரக்கணக்கில் பூட்டிக்கிடந்த கம்ப்யூட்டரைத் திறந்து போட்டால் பீப் பீப் என்று கத்துவதும், ரேமைக் கழற்றி அதன் தங்கப்பல் வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்குவதும் இந்தக் கடற்கரையில் அறியாத அலுவலகம் இருக்காது. தினமும் ஓடிய இயந்திரங்களைவிட லீவில் கிடந்த இயந்திரங்களே அதிகம் பூத்துப்போயின. கதவைச் சாத்தி வைத்ததால் ஈரம் உள்ளே போகாமல் இருந்துவிடவில்லை. கேபினெட் என்ன, ஜாடி மூடியா? ஈரம் எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, உப்பளத்துக்காரர்களே அதைச் சுட்டிக்காட்டக்கூடும். கடல் தெளிப்பதில் இருப்பது சமையல் உப்பு மட்டும் அல்ல. உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் இருக்கிற மக்னீசியம் குளோரைடும் அதோடு சேர்ந்தே வருகிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். எனவே உள்ளே சூடாக இருப்பது முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, அரிப்பின் வேகத்தைக் குறைக்கும் என்பதுவரைதான் சொல்லலாம். மீதிக்குத்தான் ஃபில்டர். அதையும் மிகைப்படுத்த வேண்டாம். கேபினெட்டோடு வரும் நைலான் வலை பஞ்சையும் புழுதியையும் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உப்புத் துகளில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஆனாலும் அது செய்வது பெரிய உதவி. போர்டின் மேல் உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்வது அந்தப் பஞ்சுத் தூசிதான். தூசி படியாத இடத்தில் உப்பு தங்கவும் இடம் குறைவு. இதற்கு இன்னொரு ஏற்பாடும் வேண்டும். உள்ளே தள்ளும் காற்று வெளியே இழுக்கும் காற்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று என்று வைத்தால் பெட்டிக்குள் சிறிய அழுத்தம் நிற்கும். இடுக்குகளில் எல்லாம் காற்று வெளிநோக்கியே கசியும், உள்ளே வருவது ஃபில்டர் வழியாக மட்டும். பழைய பெட்டிகளில் இது தலைகீழ். வெளியே தள்ள எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் இருந்தது, உள்ளே தள்ள எதுவும் இல்லை. எனவே ஃபிளாப்பி வாய், சிடி டிரைவின் விளிம்பு, தகடு இல்லாத ஸ்லாட் என்று கண்ட ஓட்டையிலிருந்தெல்லாம் தூசியை உறிஞ்சிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி.

ஃபில்டர் இருந்தால் அதைக் கழுவ வேண்டும், இங்கே யார் கழுவுகிறார்கள் என்பது நியாயமான முணுமுணுப்பு. அதற்கு இந்த ஊரில் ஏற்கெனவே ஒரு நாள் இருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரைத் தூக்கி வெளியே வைத்து, திறந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோவர் கிடைத்தால் ஊதி, துணியால் துடைத்து, மறுநாள் மானிட்டருக்கும் பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். விபூதித் துகள் ஃபேனுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் ஆபரேட்டர் ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார். லேப்டாப் வந்தபின் அந்தச் சுத்தம் செய்தல் போய், பொட்டு மட்டும் மிஞ்சியது. யோசித்தால் அந்த நாள் அமைந்தது அருமையான இடத்தில். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் வறண்டு வீசி, உப்பளத்துப் புழுதியையும் துறைமுகச் சாலையின் கரித்தூளையும் வீட்டுக்குள் சேர்த்து முடித்திருக்கும். ஐப்பசி மழையின் ஈரம் இனிமேல்தான் வரும். தூசி சேர்ந்து முடிந்து, ஈரம் தொடங்குவதற்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில் ஒரு சுத்தம். யாரும் திட்டமிட்டு வைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் இதைவிடப் பொருத்தமான நாளைக் காலண்டரில் தேடுவது கடினம். ஒரு தடவை போதாது, கச்சான் மாதங்களில் இன்னொரு முறை வேண்டும். கையால் உருவிக் குழாயடியில் காட்டி எடுக்கக்கூடிய ஃபில்டர் என்றால் அது இரண்டு நிமிட வேலை. ஸ்க்ரூ கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்று இருக்கும் ஃபில்டரை யாரும் கழுவப் போவதில்லை. இதையும் கேபினெட்டின் குணத்தில் ஒன்றாகவே சேர்க்க வேண்டும்.

சூடு மேலே போகும், ஆகவே மேல்பக்கம் ஃபேன் வைத்த பெட்டிதான் சிறந்தது என்பது இன்னொரு நம்பிக்கை. சூடான காற்று மேலேறும் என்பது உண்மை, பெட்டி அளவில் அந்த உந்துதல் மிகச் சின்னது என்பதும் உண்மை. ஒன்றரை அடி உயரத்தில் 10 டிகிரி வித்தியாசம் உண்டாக்கும் அழுத்தம், சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று தரக்கூடிய அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு அளவுதான். எனவே முன்னிருந்து பின்னுக்கு நேராக ஓடும் பாதையே போதும். மேலே ஓட்டை அதிகமானால், அணைத்திருக்கும் நேரத்தில் அதன் வழியாகத் தூசி நிம்மதியாக இறங்கும். பெட்டியை எங்கே வைப்பது என்பது இதைவிட முக்கியம். தரையில் வைத்தால் பெருக்கும் புழுதி முழுக்க அதற்குத்தான். 2023 டிசம்பர் மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, தூத்துக்குடித் தெருக்கள் குளமாக நின்ற நாட்களில், தரையில் வைத்த பொருள்களின் கதை எல்லோருக்கும் தெரியும். மேசை மேல், சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி என்பதே நல்ல இடம். மேசை மேல் வந்துவிட்டால் அது காதுக்குப் பக்கத்தில் இருக்கும், அப்போது சத்தமில்லாத பெட்டி ஆடம்பரம் இல்லை.

தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஐந்தில் சுற்றும் அறையில் கம்ப்யூட்டரின் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது என்று கேட்கலாம். சீலிங் ஃபேன் தருவது பரந்த இரைச்சல், காது அதைச் சீக்கிரம் மறந்துவிடும். சின்ன ஃபேன் கொடுப்பது ஒற்றைச் சுருதியில் ஒரு கீச்சு. அளவில் குறைந்தாலும் இரைச்சலுக்கு நடுவே அது தனியே கேட்டுக்கொண்டே இருக்கும். வேகம் கூடிக் குறையும்போது இன்னும் தொந்தரவு. மின்வெட்டுக் காலம் இதைப் பலருக்கும் கற்றுக்கொடுத்தது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஐந்து யூனிட் அனல் மின்நிலையம் ஊர் எல்லையிலேயே புகைந்துகொண்டிருக்க, தூத்துக்குடியும் மற்ற மாவட்டங்களைப் போலவே மணிக்கணக்கில் இருண்டு கிடந்தது. கரண்ட் போனதும் சீலிங் ஃபேன் நின்றுவிடும், யு.பி.எஸ். தயவில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடும். அதுவரை இருந்ததே தெரியாத அந்தச் சத்தம் திடீரென்று அறையை நிறைக்கும். அறை சூடேற ஏற அது ஒரு படி கூடும். வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பதற்கு அந்தக் கீச்சே போதிய காரணமாக இருந்தது.

ஏ.சி. போட்டுவிட்டால் இதெல்லாம் தேவையில்லை என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பகல் முழுக்க 22 டிகிரியில் குளிர்ந்த இரும்புப் பெட்டி இருக்கும் அறையில், மாலை ஏ.சி.யையும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால், 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தோடு உள்ளே வரும் கடல்காற்று அந்த இரும்பின் மேல் வியர்க்கும். குளிர்ந்த தண்ணீர் டம்ளரின் வெளிப்புறத்தில் நடப்பதேதான். கரையோர அலுவலகங்களில் ஏ.சி. அறைக் கம்ப்யூட்டர்களும் பூத்துப்போனதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அறை வெளிச்சூட்டுக்கு வந்து சேரும்வரை ஜன்னலைச் சாத்தியே வைப்பது நல்லது.

கடைக்குப் போனால் கண்ணில் படுவது முகப்பு முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் நிறம் மாறும் நாலு ஃபேன், விலையும் கைக்கு அடக்கம். கண்ணாடிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளியில்தான் அந்த நாலு ஃபேனும் மூச்சுவிட வேண்டும் என்பது பளபளப்பில் தெரியாது. பழைய சந்தன நிறப் பெட்டியின் கீற்றுகளுக்கும் இதற்கும் வெளிச்சம் ஒன்றுதான் வித்தியாசம். அதற்குப் பதில் வலைமுகப்புப் பெட்டியைப் பாருங்கள். முகப்பு வலைக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தால் வெளிச்சம் தாராளமாக முன்னால் வர வேண்டும். தகடு விரலால் தட்டினால் தகர டப்பா போல அதிராமல் இருக்க வேண்டும். முன்னால் இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன் மாட்ட இடம், பின்னால் ஒன்று, கையால் உருவும் ஃபில்டர், காலி ஸ்லாட்டுகளுக்கு மூடி. பட்ஜெட் இடித்தால் ஃபேன் ஒன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், முகப்பை மாற்ற முடியாது. ஒன்றை எடுப்பதற்கு முன் முன்முகப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால், பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கும்.